மஞ்சள் கண்காரன்

அங்கமுத்து துணியை உதறிக் கழுத்தில் கட்டி, நாற்காலியைச் சற்றே பின்னால் சாய்த்து, சவரிமுத்துவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து நேராக நிறுத்தினான். இனி எந்தப் பக்கமும் திரும்ப முடியாது. சவரிமுத்துவுக்கு அது ஒரு வகையில் நிம்மதியாகத்தான் இருந்தது. எதிரே கண்ணாடியில் தன் முகம் மட்டும். அறுபத்தாறு வயது முகம். அதையும் பார்க்க வேண்டாமென்று கண்ணை மூடினால், மூடிய கண்ணுக்குள் இன்னொரு முகம் வந்து நின்றது. காலையில் மனைவி ஜெசிந்தாவின் போனில் பார்த்த முகம். கம்ப்யூட்டர் துப்பாக்கி ஆட்டத்தில், திரையின் அடியில், நடுவில், ஒரு சின்னச் சதுரத்துக்குள் அடைபட்ட சிப்பாயின் முகம். மூக்கிலிருந்து ரத்தம் வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு, இடதும் வலதுமாகப் பார்த்துக்கொண்டு. அவன் கண் சாதாரணமாக இருந்தது. வெள்ளை விழியும் கறுப்புப் பாவையுமாக, ஊரில் எல்லாரையும்போல. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷமாக அவர் வீட்டுத் திரையில் அவன் கண் மஞ்சளாகத்தான் இருந்திருக்கிறது.

"என்னண்ணே, புதன்கிழமையே வந்துட்டீங்க? சனிக்கிழமைதானே உங்க கணக்கு."

"சும்மாதான்."

"சும்மாவா? அண்ணி நேத்தே சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வீடியோ எடுக்க வராங்களாமே. கன்னத்தை வழவழன்னு ஆக்கி அனுப்பிருவோம், கவலைப்படாதீங்க."

பெஞ்சில் பேப்பரோடு உட்கார்ந்திருந்த ஆட்டோ ராயப்பன் தலையைத் தூக்காமலே, "சவரத்துக்கு வந்தாரய்யா சவரிமுத்து" என்றார். பாலக்கரையில் இந்தச் சலூன் திறந்த நாளிலிருந்து அவர் சொல்லிவரும் வேடிக்கை. வழக்கமாகச் சவரிமுத்து அதற்கு உதட்டோரம் ஒரு சிரிப்பைக் கொடுத்துவிடுவார். இன்று அதுவும் வரவில்லை. அங்கமுத்து பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துச் சோப்பில் குழைக்கும் சத்தம் கேட்டது. நுரை கன்னத்தில் பட்டபோது உடம்பு கூசிற்று. கூச்சம் நுரையால் வந்ததா வேறு ஒன்றால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் அப்படியே கிடந்தார்.

ஜெசிந்தா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். சலூனில் சொல்லியிருக்கிறாள், கோயிலில் மாதா சபைப் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள், மீன்காரியிடம்கூடச் சொல்லியிருப்பாள். எங்க வீட்டுக்காரர் ஒரு துப்பாக்கி ஆட்டம் ஆடுவார், கம்ப்யூட்டர்ல, இருபது வருஷத்துக்கு மேல ஆடுறார், ஒரு தடவைகூடச் செத்தது கிடையாது. அவளுக்கு அந்த ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, "சுட்டுட்டு வாங்க, காபி போடுறேன்" என்பாள், கடைக்குப் போய் வாங்க என்பதுபோல. எப்போதாவது பின்னால் வந்து நின்று, கீழே இருக்கும் முகத்தைப் பார்த்து, "இந்த ஆளுக்கு மஞ்சக்காமாலை முத்திப்போச்சு. யாராவது கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கக் கூடாதா" என்பாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். மஞ்சள் கண்காரன் என்றே அவனுக்குப் பெயர் வைத்தாயிற்று. மஞ்சள் கண்காரன் இன்னைக்கு எந்த மாடி வரைக்கும் போனான்? ஐந்தாவது. அடி பட்டுச்சா? எங்க பட்டுச்சு, பட்டதே இல்லையே. பட்டதே இல்லையே என்று தான் சொன்ன குரல் இப்போது காதுக்குள் கேட்டது, ஒரு பெருமையை அடக்கிக்கொண்டு சொல்லும் குரல். பெருமையை அடக்கிக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார், எப்போதும். அதை நினைத்ததும் நுரைக்கடியில் முகம் கொதித்தது. வெளியே காட்டிக்கொள்ளாத பெருமைக்கு வெட்கம் இரண்டு பங்கு போலிருக்கிறது.

மாடி வீட்டு இந்துமதி நல்ல பெண். பெங்களூரில் வேலை. லீவுக்கு வந்தால் தாயோடு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவாள். பழைய கம்ப்யூட்டர் ஆட்டங்களைப் பற்றி வீடியோ போடுகிறாளாம், நிறையப் பேர் பார்க்கிறார்களாம். போன மாதம் வந்தபோது மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவள் வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே கதவு திறக்கும் சத்தம், அந்தக் கர்ரென்ற இரும்புச் சத்தம் கேட்டுத்தான் நின்றாளாம். "பாட்டி, இது எந்த மிஷின்ல ஓடுது?" என்று கேட்டாள். ஜெசிந்தா அப்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஒரு தடவைகூடச் செத்தது கிடையாது என்பதையும். அப்போது இந்துமதி, "அப்படியா" என்றாள். அப்படியாவுக்கு முன்னால் ஒரு நிறுத்தம் இருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். அவர் திரையிலிருந்து திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். அன்று அந்த நிறுத்தத்தை ஆச்சரியம் என்று எடுத்துக்கொண்டார். இப்போது எடுத்துத் தடவிப் பார்த்தால் அது வேறு மாதிரி இருக்கிறது. வாசலிலிருந்து திரை தெரியுமா? பீரோ மறைக்கும். பாதி மறைக்கும். கீழ்ப்பாதி தெரிந்திருந்தால் முகம் தெரிந்திருக்கும். முகம் தெரிந்திருந்தால் கண். தெரிந்துகொண்டுதான், நீங்க ஆடுறத வீடியோ எடுக்கட்டுமா தாத்தா என்று கேட்டாளா? தெரிந்துகொண்டு, நாலு பேர் பார்க்க உட்காரவைத்து, இதோ பாருங்கள் என்று காட்டுவதற்கா? அப்படிப்பட்ட பெண் இல்லை. அப்படிப்பட்ட பெண் இல்லை என்று அவருக்கு என்ன தெரியும்? பிரவுசிங் சென்டர் ஹபீபும் அப்படிப்பட்ட பையன் இல்லை என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தார்.

"நெத்திய சுருக்காதீங்கண்ணே" என்றான் அங்கமுத்து.

தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது அந்த பிரவுசிங் சென்டர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும். பிளைவுட் தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரைத்துணி, ஏசி தண்ணீருக்கு அடியில் ஒரு வாளி. வாசல் மேசையில் சவரிமுத்து. யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தார்கள் என்று எழுதவேண்டும். அவருக்கு இங்கிலீஷ் என்று தெரிந்தது அந்த இரண்டு வார்த்தைகள்தான், இன், அவுட். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவருக்கு அது போதுமாக இருந்தது. ஒரு நிமிஷம் பிசகாது அவர் கணக்கு. காலேஜ் பையன்கள் அதற்காகவே அவரைத் திட்டுவார்கள், அதற்காகவே நம்பவும் செய்வார்கள். மதியத்துக்கு மேல் ஆறேழு பையன்கள் மொத்தமாக வந்து உட்கார்ந்து சுடுகிற கேம் ஆடுவார்கள். தடுப்புக்கு மேலே தலைகள் எழும்பும், "பின்னாடிடா, பின்னாடி," "செத்தேன்டா," "ஐயோ, திரும்பவும் செத்தேன்." அவர் எழுந்து போய், சத்தம் போடாதீங்கப்பா, மெயில் பார்க்கிறவங்க இருக்காங்க என்பார். அப்போதெல்லாம் கண் திரைப்பக்கம் போகும். நீண்ட நடைவழி, சாம்பல் சுவர், தூரத்தில் ஒரு கதவு. ஆளே இல்லாத நடைவழி. அந்த நடைவழிக்குள் போய் நிற்கவேண்டும்போல இருக்கும். ஏனென்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. சுடுவதற்கு அவருக்கு ஆசையில்லை. கதவைத் திறந்து, அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று பார்க்கத்தான் ஆசை. அதையும் வாய்விட்டு யாரிடமும் கேட்டதில்லை. ஹபீப்தான் கண்டுபிடித்தான். "அங்கிள், நீங்களும் ஒரு நாள் உட்காருங்க. நான் சொல்லித் தரேன்."

உட்கார்ந்தார். மௌஸில் கை வைத்தபோது விரல் நடுங்கிற்று. பின்னால் மூன்று பேர் நின்றார்கள். ஒருவன் ஏற்கெனவே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான், மூக்கு வழியாக வரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்துவிடலாமா என்று நினைத்த அந்த வேளையில் ஹபீப் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, ஒரே கையால், கீபோர்டில் ஐந்து எழுத்துகளை அடித்தான். மேலே ஒரு வரி மின்னி மறைந்தது. கீழே இருந்த முகத்தின் கண்ணில் விளக்குப் போட்டதுபோல மஞ்சள் ஏறிற்று. ஆள் தூக்கம் கலைந்து எழுந்துவிட்டான், தயாராகிவிட்டான் என்றுதான் அவருக்குப் பட்டது. "இத முதல்ல அடிக்கணும் அங்கிள். நீங்க சிலுவை போட்டுக்குவீங்கல்ல, அது மாதிரி." குமரேசன் என்ற பையன் பின்னாலிருந்து, "எங்க ஆளுங்களுக்கு அஞ்செழுத்து மந்திரம் அங்கிள்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்த ஐந்து எழுத்தையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி வாங்கி, இரண்டு நாளில் மனப்பாடம் செய்து, தாளைக் கிழித்துப் போட்டார். அன்றிலிருந்து வழக்கம். உட்காருவார், நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை போடுவார், ஐந்தெழுத்தை அடிப்பார், மஞ்சள் ஏறும், நடப்பார். சென்டரை மூடியபோது முதலாளி எந்த மிஷின் வேண்டுமோ எடுத்துக்கோங்க என்றார். அந்த மிஷினைக் காட்டினார். வீட்டுக்குக் கொண்டுவந்து, பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வைத்தார்.

காலையில் இந்துமதியின் குரல் போனில் வந்தது. நம்ம வீடியோ எப்படி இருக்கும்னு பாருங்க தாத்தா என்று ராத்திரியே அனுப்பி வைத்திருந்தாள், பழைய வீடியோ ஒன்று. ஜெசிந்தா அடுப்படியில் வருகிறவர்களுக்காக அச்சு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சத்தம். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். அதே ஆட்டம், அதே நடைவழி. ஆனால் கண் வேறு. "இதுல ஒரு சீட்டிங் கோட் இருக்கு, அஞ்சு எழுத்து," இந்துமதியின் குரல் சிரித்துக்கொண்டே சொன்னது, "அடிச்சீங்கன்னா கண்ணு மஞ்சளாயிடும். அப்புறம் உங்கள யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அது ஆட்டம் இல்லங்க, சுற்றுலா." அவ்வளவுதான். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். அவர் பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டார். மூன்றாம் தடவையும் கேட்டார். சுற்றுலா. அடுப்படியிலிருந்து ஜெசிந்தா, "வீடியோ நல்லாருக்கா?" என்றாள். "ம்" என்றார். "நான் போய் ஷேவ் பண்ணிட்டு வரேன்" என்றார். செருப்பை மாட்டும்போது வலதும் இடதும் மாறிப்போயிற்று.

"நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க" என்றார் ராயப்பன். பேப்பரை மடித்துவிட்டார் போலிருக்கிறது, குரல் நேராக வந்தது. "பழைய ஆட்டத்த இப்ப யாரு பார்ப்பா? எம் மவன் போன்ல ஆடுறான். நூறு பேரு ஏரோபிளேன்லேர்ந்து குதிக்கிறானுவ. புல்லு அசையுது, ஆத்துல தண்ணி ஓடுது. உங்களுது எப்படி, நம்ம சுவத்துல சாணி தட்டின மாதிரி இருக்குமாமே."

"பழசுக்குத்தாங்க இப்ப மவுசு" என்றான் அங்கமுத்து, கத்தியில் புது பிளேடைச் செருகிக்கொண்டே. "பழைய ரேடியோவ வாங்கி வீட்டுல வைக்கிறாங்க. பாட்டு கேக்கவா வைக்கிறாங்க?"

"அதான் கேக்குறேன். ஆடுறதுக்கா, அழகுக்கா? அண்ணன் சொல்லட்டும்."

"வாயத் திறக்கச் சொல்லாதீங்க. கத்தி வைக்கப் போறேன்."

நல்லவேளை. இந்துமதியும் இதைத்தான் கேட்கப்போகிறாள். அதுதான் அவளுடைய வீடியோவுக்குத் தலைப்பே: பழைய சுடுகிற கேமை இன்றைக்கும் உட்கார்ந்து ஆடலாமா? அதற்கு அவர் பதில் தயார் செய்து வைத்திருந்தார். நாலு நாளாக மனதில் சொல்லிச் சொல்லிப் பார்த்து, சொற்களை மாற்றி அடுக்கி வைத்திருந்தார். புது ஆட்டத்தையும் அவர் பார்த்திருக்கிறார், ராயப்பன் மகனே ஒருநாள் காட்டினான். திறந்ததும் பெயர் கேட்கிறது, போன் நம்பர் கேட்கிறது, சட்டை வாங்கச் சொல்கிறது, நடுவில் சோப்பு விளம்பரம் வருகிறது. பழசு ஒன்றும் கேட்காது. திறந்தால் ஒரு நடைவழி, ஒரு கதவு. சிவப்புக் கதவுக்குச் சிவப்புச் சாவி, நீலத்துக்கு நீலம். அண்ணாந்து பார்க்க முடியாது, குனிந்து பார்க்க முடியாது, கண் நேரேதான். மேலே பரணில் ஒருவன் நின்றாலும் நேரே சுட்டால் போதும், குண்டு தானாக ஏறிப் போகும். அது ஒரு குறை என்று பையன்கள் சொல்வார்கள். அவருக்கு அது ஒரு மரியாதைபோலத் தோன்றும். ஒவ்வொரு மாடியிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் எந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இருபது வருஷத்தில் ஒருவன்கூட இடம் மாறி நின்றதில்லை. கடைசியில் சொல்வதற்கு ஒரு வாக்கியம் வைத்திருந்தார். பதறாம ஆடினா சாகவே வேண்டியதில்லம்மா. அந்த வாக்கியத்தைக் குளிக்கும்போது இரண்டு தடவை சத்தமாகவே சொல்லிப் பார்த்தார்.

கத்தி காதோரத்திலிருந்து கீழே இறங்கிற்று. சர்ர் என்ற சத்தம். பதறாம ஆடினா. அதை அந்தப் பையன்களிடமும் சொல்லியிருக்கிறார். அதை நினைக்கக்கூடாது என்றுதான் வீட்டிலிருந்து சலூன் வரை வேறு எதையெதையோ நினைத்துக்கொண்டு வந்தார், ஆனால் அது கல்லில் தடுக்கின நகம்போல, எங்கே தொட்டாலும் அங்கேதான் போய் நிற்கிறது. குமரேசன் செத்துச் செத்து எழுந்து, வேர்த்து, கீபோர்டைக் குத்தியபோது அவர் பின்னால் போய் நின்று, "ஏம்பா இப்படிப் பதறுற? எனக்குப் பாரு, ஒண்ணும் ஆகறதில்லையே. நிதானம் வேணும்" என்றார். சொன்னார். அந்த வாயால் சொன்னார். குமரேசன் திரும்பிப் பார்த்தான். ஹபீபைப் பார்த்தான். ஹபீப் கண்ணைக் காட்டினான். "சரிங்க அங்கிள்" என்றான் குமரேசன். எல்லாத் தடுப்புகளுக்குள்ளும் ஒரே நேரத்தில் அமைதி. அந்த அமைதியை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, ஏசி வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே கொட்டப் போனார். அவர் படியில் இறங்கும்போது மேலே வெடித்த சிரிப்பு ஆட்டத்தைப் பற்றியது என்று நினைத்தார். அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். சாகாவரம். "டேய், சாகாவரம் வர்றாருடா, மணியப் பாரு." அந்தப் பெயரைக்கூட, கடவுளே, அந்தப் பெயரைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்து ஜெசிந்தாவிடம் சொன்னார், இனிப்புப் பொட்டலம் கொண்டுவந்ததைப்போல.

பச்சைத் தண்ணீர். மூன்றாம் மாடியில் ஒரு குளம் மாதிரி இருக்கும், பச்சையாக, குமிழிவிட்டுக்கொண்டு. பாசி பிடித்த தண்ணீர் என்று நினைத்து அதற்குள் இறங்கி நின்றிருக்கிறார், வெகுநேரம். சத்தம் இல்லாத இடம் என்பதால் அவருக்குப் பிடித்த இடம் அது. அடுப்படியில் ஜெசிந்தா காபி ஆற்றும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நிற்பார். அது விஷமாம். காலையில் அந்த வீடியோவில் ஆடினவன் கால் வைத்ததும் முகம் கோணிப் பதறி வெளியே ஓடினான். அப்புறம் மருந்துப் பெட்டிகள். அங்கங்கே மூலையில் சின்ன வெள்ளைப் பெட்டி கிடக்கும், சிவப்புக் குறி போட்டு. அவர் ஒன்றைக்கூட எடுத்ததில்லை. நமக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே, வேறு யாருக்காவது வேண்டியிருக்கும், இருக்கட்டும் என்று தாண்டிப் போயிருக்கிறார். வேறு யாருக்கு? அந்தக் கட்டிடத்தில் அவரையும் அவரைக் கொல்ல வந்தவர்களையும் விட்டால் வேறு யார்? அவருக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது, நுரைக்குள் அது உதட்டில் குமிழாக உடைந்தது. சிரிப்பு போனதும் அடியில் இருந்தது தெரிந்தது. அவர் அந்த ஆட்டத்தில் தைரியசாலியாக இருந்தார். அதுதான் விஷயம். இந்த அறுபத்தாறு வருஷத்தில், யார் முன்னாலும் குரல் உயர்த்தாமல், வரிசையில் முன்னால் போகாமல், முதலாளியிடம் ஒரு நாள் லீவு கேட்க மூன்று நாள் ஒத்திகை பார்த்து, அப்படி ஒதுங்கி ஒதுங்கி வந்தவர், மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் எந்தக் கதவையும் நெஞ்சை நிமிர்த்தித் திறந்தார். எரிகிற உருண்டைகள் வந்து மார்பில் மோதும். அசையமாட்டார். உள்ளுக்குள் எங்கோ நானும் ஒரு ஆள்தான் என்று இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டுதான் மீதி நேரத்தை ஓட்டியிருக்கிறார். இப்போது அந்த ஒரு மணி நேரம் யாரோ ஒரு பையன் இரக்கப்பட்டுப் போட்டது என்று ஆயிற்று. இரக்கமா, விளையாட்டா? விரல் நடுங்கினதைப் பார்த்தானே, பின்னால் சிரித்தவர்களையும் பார்த்தானே, அவர்கள் வாய்விட்டுச் சிரிப்பதற்கு முன்னால் கையை நீட்டினானே. இரக்கம்தான். அப்படியானால் பிறகு ஏன் சொல்லவில்லை? எப்படிச் சொல்வான், இவர் அதற்குள் நிதானத்தைப் பற்றி உபதேசம் பண்ணத் தொடங்கிவிட்டாரே. சொல்லவந்தவன் வாயை இவரே அடைத்துவிட்டாரே.

தம்பி அந்தோணியின் அடக்கத்தன்று கல்லறையிலிருந்து திரும்பும்போது ஜெசிந்தா சொன்னாள், "இன்னைக்குக்கூட உங்க முகத்துல ஒண்ணும் தெரியல." குற்றமாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்து அவர் அன்றும் உட்கார்ந்தார். ஐந்தெழுத்து. மஞ்சள். எல்லாக் கதவையும் திறந்தார். அடியில் அந்த முகம் ஒரு கீறல் இல்லாமல் இடதும் வலதும் பார்த்துக்கொண்டே இருந்தது. இப்போது யோசித்தால், அன்று அவனுக்கு மூக்கிலாவது ரத்தம் வந்திருக்கலாம்.

"ஏண்ணே," ராயப்பன் விடுவதாக இல்லை. "நெசமாவே சாகவே இல்லியா நீங்க? எம் மவன் நம்ப மாட்டேங்குறான். யாராலயும் முடியாதுங்குறான். உண்மைன்னா சரி. பொய்யின்னா கண்டுபிடிச்சு வீடியோவுக்குக் கீழ எழுதிருவானுங்களாம். பெரியவரு பம்மாத்துன்னு கிழிச்சுருவானுங்களாம்."

சவரிமுத்துவின் தலை தானாகத் திரும்பிற்று. "அசையாதீங்க" என்று அங்கமுத்து சொல்வதற்குள் தாடைக்கு மேலே சுரீர் என்றது.

"போச்சு. சொன்னேன்ல. ராயப்பண்ணே, நீங்க கொஞ்சம் வாய மூடுங்க. அவரு பாட்டுக்குக் கெடக்காரு." அங்கமுத்து படிகாரக் கல்லை எடுக்க மேசைப்பக்கம் திரும்பினான். கண்ணாடியில் வெள்ளை நுரைக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி முளைத்து, கொஞ்சம் யோசித்து, பிறகு கோடாக இறங்கத் தொடங்கிற்று. சவரிமுத்து அதையே பார்த்தார். அதற்கு மேலே இரண்டு கண்கள். வெள்ளை விழி, வயசான கறுப்புப் பாவை. பயந்த கண்கள். பயம் இத்தனை தெளிவாகத் தெரிகிற முகமா இது? ஒன்றும் தெரியவில்லை என்றாளே ஜெசிந்தா.

எழுந்து இப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடலாம். வயிற்றுவலி என்று சொல்லிவிடலாம். மிஷின் கெட்டுப்போயிற்று என்று சொல்லலாம், ஒரு வயரைப் பிடுங்கிவிட்டால் முடிந்தது. பீரோவுக்குப் பின்னால் கைவிட்டு அந்தக் கறுப்பு வயரை... ஜெசிந்தா முறுக்கைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருப்பாள். நல்ல சேலை கட்டியிருப்பாள். இல்லாவிட்டால் வழக்கம்போல உட்கார்ந்து ஐந்தெழுத்தை அடித்துவிடலாம், இந்துமதி மரியாதைக்கு ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த மரியாதைதான் பயமாக இருந்தது. அந்த அமைதியை அவர் ஒருமுறை கேட்டாயிற்று. இன்னொரு தடவை, இந்த வயதில், தெரிந்தே அதற்குள் உட்கார முடியாது.

துணிக்கடியில், சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கையைத் துணியின் ஓரமாக வெளியே எடுத்து, நுரை படாமல் காதுக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். இந்துமதிதான்.

"தாத்தா, நான் கீழ வந்துட்டேன். பாட்டி அதுக்குள்ள முறுக்கு குடுத்துட்டாங்க. கேமரா எங்க வைக்கலாம்னு பாத்துட்டிருக்கேன். எப்ப வரீங்க?"

"வந்துர்றேன்மா." போனை வைக்கவில்லை. "இந்து, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"இன்னைக்கு நான் செத்துருவேன்மா."

படிகாரக் கல் அங்கமுத்துவின் கையில் அந்தரத்தில் நின்றது. ராயப்பன் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டார். போனில் அதே நிறுத்தம், ஒரு மூச்சு நேரம். சவரிமுத்து சிரிப்புக்காகக் காத்திருந்தார், காது மடல் எரிந்தது.

"எழுத்து அடிக்காமலா தாத்தா?" என்றாள் இந்துமதி, குரலைத் தணித்து. பக்கத்தில் ஜெசிந்தா இருப்பாள்.

ஆக, தெரியும். அன்றே தெரிந்திருக்கிறது. பீரோ மறைக்கவில்லை. அவர் கண்ணை இறுக மூடித் திறந்தார்.

"அடிக்காமத்தான்."

"முதல் கதவுக்காவது போவீங்களா?"

"அதுக்கு முன்னாலயே முடிஞ்சிரும்னு நெனைக்கிறேன். கை நடுங்கும்மா எனக்கு."

"சரி. அப்ப கேமராவ உங்க முகத்துக்கு நேரா வச்சிடுறேன். பாட்டிகிட்ட சொல்லிடட்டுமா?"

"வேண்டாம். அவளும் பார்க்கட்டும்."

"அப்புறம் அந்தக் கேள்வி இருக்குல்ல தாத்தா, இன்னைக்கும் உட்கார்ந்து ஆடலாமான்னு. பதில் யோசிச்சு வச்சிருக்கிறதா பாட்டி சொன்னாங்க."

அவர் யோசித்து வைத்திருந்ததைத் தேடிப் பார்த்தார். சாவி, கதவு, நிதானம், எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன, தூணுக்குப் பின்னால் நிற்பவர்களைப்போல. ஒன்றையும் எடுக்கத் தோன்றவில்லை.

"நான்தான் இன்னும் ஆடவே இல்லையேம்மா" என்றார்.

போனைப் பைக்குள் போட்டார். ராயப்பன் மெதுவாக உட்கார்ந்து, பேப்பரைப் பிரித்து, எதையும் படிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் பாலக்கரை முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும் என்று நினைத்துப் பார்த்தார். நினைக்க முடியவில்லை. ரத்தக் கோடு தாடையைத் தாண்டித் துணியின் விளிம்பைத் தொட்டிருந்தது.

"யாருண்ணே சாகப் போறது?" அங்கமுத்து கேட்டான்.

"ஆட்டத்துலப்பா."

"அட, ஆட்டத்துலயா." அவன் மூச்சை விட்டான். படிகாரத்தை நனைத்துக் காயத்தில் வைத்து அழுத்தினான். நன்றாக எரிந்தது. கண்ணாடியில் முகம் கோணிற்று. எல்லாரும் பார்க்கும்படியாகவே கோணிற்று, அவர் அதை மறைக்கவில்லை.

"எரியுதாண்ணே?"

"எரியுது."

"அப்படித்தான் இருக்கும்." அங்கமுத்து கத்தியைத் துடைத்துக்கொண்டான். "அந்தக் கன்னத்தக் காட்டுங்க."

சவரிமுத்து காட்டினார்.